முழங்கால் அறுவைக்குப் பிறகும் வலிப்பது ஏன்?

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில், குடும்ப நல விளக்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)





மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில் முன்பெல்லாம் இருதயமும் சிறுநீரகமும்தான் முன்னால் நிற்கும். இப்போது முழங்கால் மூட்டும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. மனு கொடுக்க வரும்போது எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எவ்வளவு செலவாகும்?" அறுவை முடிந்து ஆறு மாதம் கழித்து அதே வீடுகள் சிலவற்றிலிருந்து வரும் கேள்வி வேறு: "இவ்வளவு செலவழித்தும் ஏன் இன்னும் வலிக்கிறது?" இன்று அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். மருத்துவர்களிடமும் பிசியோதெரபி நிபுணர்களிடமும் கேட்டறிந்ததையும், மருத்துவ ஆய்வுகள் சொல்வதையும், நம் வீடுகளுக்குப் பொருந்தும்படி சேர்த்துச் சொல்கிறோம். மாத்திரை, ஊசி பற்றிய முடிவு எப்போதும் உங்கள் மருத்துவருடையதே.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அறுவைக்குப் பிறகு வரும் வலி, அறுவை மேசையில் மட்டும் தீர்மானமாவதில்லை. பாதி அதற்கு முன்பே நம் உடலிலும் மனத்திலும் இருக்கிறது. மீதியில் பெரும்பங்கு, வீட்டுக்கு வந்தபின் நாம் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது.

நம் ஊர் முழங்கால்கள்

காவிரிக் கரையில் வாழும் நமக்கு முழங்கால் ஓயாமல் மடங்கும். குறுவைக்கும் சம்பாவுக்கும் சேற்றில் குனிந்து நாற்று நட்ட கால்கள் இங்கே உண்டு. கொடிக்காலில் நாளெல்லாம் குந்தியும் ஏறியும் இறங்கியும் வேலை பார்த்த கால்கள் உண்டு. வீட்டுக்குள்ளும் தரையில் அமர்ந்து காய் நறுக்குவது, தரையில் அமர்ந்து உண்பது, குந்தி அமரும் கழிப்பறை என்றுதான் தலைமுறைகளாகப் பழக்கம். ஐந்து வேளைத் தொழுகையிலும் முழங்கால் மடங்குகிறது.

இவை மட்டுமே மூட்டைத் தேய்த்துவிடுவதில்லை. வயது, உடல் எடை, மாதவிடாய் நின்ற பின் பெண்களின் உடலில் ஏற்படும் மாற்றம், பரம்பரை, பழைய காயம் ஆகியவையும் சேர்கின்றன. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்று 2005-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது. நெய்ச்சோறும் பிரியாணியும் வாரம் தவறாமல் நடக்கிற வீடுகள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அறுவையில் என்ன நடக்கிறது?

தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் செதுக்கி எடுத்து, அந்த இடத்தில் உலோக உறையைப் பொருத்தி, நடுவில் உறுதியான பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைக்கிறார்கள். இன்றைய முழங்கால் மாற்று அறுவையின் அடிப்படை வடிவம் 1970-களில் நியூயார்க்கில் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த டாக்டர் சித்தரஞ்சன் ரானாவத். பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு 2000-ல் இடது முழங்காலிலும் 2001-ல் வலது முழங்காலிலும் மும்பையில் அறுவை செய்தவரும் அவரே. அதற்குப் பிறகுதான் நம் நாட்டில் சாதாரண மக்களிடையேயும் இந்த அறுவை பேசப்படலாயிற்று.

பெரும்பாலானோருக்கு இது நல்ல பலன் தருகிறது. பள்ளிவாசலுக்கு நடந்து வர முடியாமல் இருந்தவர்கள் நடந்து வருகிறார்கள். ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2012-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், முழங்கால் மாற்றியவர்களில் 10 முதல் 34 சதவீதம் பேருக்கு நீண்ட காலம் கழித்தும் தொல்லை தரும் வலி இருந்தது. தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 20 சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவர். இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. அந்த ஐந்தில் ஒருவராக ஆகாமல் இருக்க நம்மால் செய்யக்கூடியவை பல இருக்கின்றன என்பதற்காகவே சொல்கிறோம்.

எந்த வலி இயல்பானது?

தோல், தசை, எலும்பு எல்லாம் வெட்டுப்பட்ட இடம் அது. முதல் இரண்டு மூன்று நாள் வலி கடுமையாக இருக்கும். பிறகு வாரம் வாரமாகக் குறையும். வீக்கமும் சூடும் மூன்று மாதம் வரை, சிலருக்கு ஆறு மாதம் வரை கூட நீடிக்கலாம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி முதல் சில வாரங்களில் பலருக்கும் உண்டு. தழும்பின் வெளிப்பக்கம் ஒரு கையளவு இடம் மரத்துப்போயிருக்கும். அங்கே ஒரு சிறு நரம்பு வெட்டுப்படுவதால் வருவது அது. அதைக் கண்டு கலங்க வேண்டாம். முழுப் பலன் தெரிய ஓராண்டு வரை ஆகலாம். "பக்கத்து வீட்டு மாமி ஒரே மாதத்தில் மாடி ஏறினார்களே" என்று ஒப்பிட்டுப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

அறுவைக்கு முன்பே இருக்கும் காரணங்கள்

அறுவைக்குப் பின் யாருக்கு வலி நீடிக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் சில காரணங்களைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்.

முதலாவது, அறுவைக்கு முன் வலி எவ்வளவு கடுமையாக, எத்தனை காலமாக இருந்தது என்பது. ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்ந்தவரின் நரம்புகள் அந்த வலிக்குப் பழகி, சிறு உறுத்தலையும் பெரிதாக எடுத்துச் சொல்லத் தொடங்குகின்றன. நெடுநாள் தண்ணீர் ஓடிய வாய்க்காலில் மடையை அடைத்த மறுநாளே தரை காய்ந்துவிடுவதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

இரண்டாவது, உடலில் வேறு இடங்களிலும் வலி இருப்பது. இடுப்பு மூட்டிலிருந்தோ முதுகுத் தண்டிலிருந்தோ வரும் வலியும் முழங்காலில் தெரியக்கூடும். முழங்காலை மாற்றினாலும் அந்த வலி மாறாது. ஆகவே, "எங்கெல்லாம் வலிக்கிறது?" என்று மருத்துவர் கேட்கும்போது முழங்காலை மட்டும் காட்டாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

மூன்றாவது, எக்ஸ்ரேயில் தேய்மானம் குறைவாக இருக்கும்போதே அவசரப்பட்டு அறுவை செய்துகொள்வது. இப்படிச் செய்துகொள்பவர்களுக்குப் பின்னால் வலி நீடிக்கும் வாய்ப்பு அதிகம். வெளிநாட்டிலிருந்து மகன் விடுமுறையில் வந்திருக்கிறான், அவன் போவதற்குள் முடித்துவிடலாம் என்று நாள் குறிக்கிறவர்கள் நம்மில் உண்டு. விடுமுறையைப் பார்த்து அல்ல, மூட்டின் நிலையைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும். எடைக் குறைப்பு, தொடைத் தசைப் பயிற்சி, மருந்து ஆகியவற்றை முறையாகச் செய்து பார்த்தும் பலன் இல்லாதபோதுதான் அறுவை.

நான்காவது, மனம். அச்சம், மனச்சோர்வு, "இனி நான் எழவே மாட்டேன்" என்று வலியைப் பற்றியே ஓடிக்கொண்டிருக்கும் எண்ணம், கெட்டுப்போன தூக்கம் ஆகியவை இருந்தால் அறுவைக்குப் பின் வலி அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இதனால் வலி கற்பனை என்று ஆகிவிடாது. வலி உண்மை. மனம் தளர்ந்தால் அந்த உண்மை வலி இன்னும் கூடுகிறது, அவ்வளவுதான். கணவரை இழந்து, பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் நன்னிமார்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய முழங்காலுக்கு மட்டும் மருத்துவம் பார்த்தால் போதாது.

ஐந்தாவது, சர்க்கரை நோய். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும். கிருமித் தொற்று வரும் வாய்ப்பும் கூடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைச் செய்து, மருத்துவர் சொல்லும் அளவுக்கு இறக்கிய பிறகே அறுவைக்குப் போங்கள். புகைப் பழக்கம் உள்ள ஆண்கள் அதை முன்கூட்டியே விட்டுவிட வேண்டும்.

இந்தக் காரணங்களில் வயதையும் கடந்த காலத்தையும்தான் மாற்ற முடியாது. சர்க்கரை, எடை, தூக்கம், தசை பலம், மனத் துணிவு ஆகியவற்றை இரண்டு மூன்று மாதத்தில் ஓரளவு சரிசெய்யலாம். அறுவைக்குக் காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல், தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

அறுவை மேசையில்

மூட்டைச் சரியான கோணத்தில் பொருத்துவது, தசைநார்களைச் சமன் செய்வது, தொற்று வராமல் காப்பது ஆகியவை அறுவை மருத்துவரின் திறமையைச் சேர்ந்தவை. வலியைக் குறைக்க இன்று பல வழிகள் இருக்கின்றன. முதுகில் போடும் ஊசியால் இடுப்புக்குக் கீழ் மரக்கச் செய்வது, தொடையில் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, மூட்டைச் சுற்றிச் செலுத்தும் மருந்து, வெவ்வேறு வகை மாத்திரைகளைச் சிறு அளவில் சேர்த்துக் கொடுப்பது எல்லாம் அவற்றில் சேரும். இரத்தப்போக்கைக் குறைக்கத் தொடையில் இறுக்கிக் கட்டும் பட்டையால் முதல் நாள் வலி சற்றுக் கூடுகிறது என்று 2020-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கண்டது.

இவற்றில் எது உங்களுக்கு ஏற்றது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால், "அறுவைக்குப் பின் வலிக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்பது நம் உரிமை. எத்தனையாவது படுக்கை, எத்தனை நாள் என்றெல்லாம் கேட்கும் நாம் இந்தக் கேள்வியைத்தான் கேட்காமல் வருகிறோம்.

வீட்டுக்கு வந்த பிறகு

இங்கேதான் நம் குடும்பங்களின் பங்கு தொடங்குகிறது.

மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள். வலி உச்சிக்கு ஏறிய பிறகு விழுங்கினால் அது இறங்க நேரமாகும். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு மாத்திரை எடுத்துக்கொண்டால் காலை மடக்குவது எளிது. ஆனால், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் "செட் மாத்திரை" வேண்டவே வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும், சர்க்கரையை ஏற்றிவிடும். வலி மாத்திரைகளில் சில சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க வைக்காதீர்கள். அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும். ஆனால் கால் நேராக நீளாமல் மடங்கியே நின்றுவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

வீக்கத்துக்கு ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும். தையல் மீது எண்ணெய் தடவுவதும், அழுத்தி உருவிவிடுவதும் கூடாது.

மீன், முட்டை, கறி தின்றால் சீழ் வைக்கும் என்று பத்தியம் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. புண் ஆறவும் தசை வளரவும் புரதம் தேவை. மருத்துவர் தடுக்காதவரை மீனும் முட்டையும் பருப்பும் தாராளமாகக் கொடுங்கள்.

அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் "ஐயோ பாவம், படுத்திருக்கட்டும்" என்று அதை நிறுத்திவிடாதீர்கள். கால் மடங்காமல் வாரங்கள் ஓடிவிட்டால் உள்ளே தழும்பு இறுகிவிடும். பிறகு மடக்கும்போது வலி பல மடங்கு ஆகும். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தொடையை இறுக்குவது, குதிகாலைப் படுக்கையிலேயே இழுத்து மடக்குவது என்று பயிற்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளில் பல முறை செய்யவேண்டும். பயிற்சியின்போது வரும் வலி சற்று நேரத்தில் அடங்கினால் அது கெடுதல் அல்ல. மறுநாள் வரை வீக்கம் கூடியே இருந்தால் அளவைக் குறையுங்கள்.

நோய் விசாரிக்கப் போவது நமக்கு நன்மை தரும் சுன்னத். ஆனால் படுக்கையருகே உட்கார்ந்து, "எங்கள் தெருவில் ஒருவர் இதைச் செய்துவிட்டு நடக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு வருவது நோய் விசாரிப்பது ஆகாது. அச்சம் வலியைக் கூட்டும் என்று இப்போதுதானே பார்த்தோம். போகிறவர்கள் நல்ல வார்த்தை சொல்லி, துஆ செய்து, முடிந்தால் நோயாளியோடு வராந்தாவில் பத்து அடி நடந்துவிட்டு வாருங்கள்.

பொறுமையும் மௌனமும் ஒன்றல்ல

தாய்மார்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வலி என்று சொன்னால் மகன் கவலைப்படுவான், மருமகள் சலித்துக்கொள்வாள், இவ்வளவு செலவழித்தும் குறை சொல்கிறாள் என்பார்கள் என்று வாயை மூடிக்கொள்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அதற்கு ஸப்ர் என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வது நபிவழி. மருத்துவரிடம் வலியை மறைப்பது பொறுமையில் சேராது.

ஆண் பிசியோதெரபி நிபுணர் வந்தால் காலைத் தொட விடமாட்டேன் என்று பயிற்சியையே விட்டுவிடும் தாய்மார்களும் உண்டு. அவர்களுடைய கூச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு விலையாக முழங்காலைக் கொடுக்கக் கூடாது. பெண் நிபுணர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். கிடைக்காத இடத்தில், அவர் சொல்லித் தர, மகளோ மருமகளோ அருகிருந்து கற்றுக்கொண்டு வீட்டில் செய்ய வைக்கலாம்.

மூன்றாவது மாதத்தை மறக்காதீர்கள். அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகியும் வலி கணிசமாக இருந்தால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாமல் மீண்டும் மருத்துவரிடம் போக வேண்டும். பிரிட்டனில் எட்டு மருத்துவமனைகளில் 363 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 2022-ல் அதன் முடிவு வெளியானது. மூன்றாம் மாதத்திலும் வலியோடு இருந்தவர்களை அழைத்து, காரணத்தைத் தேடி, அதற்கேற்ற சிகிச்சைக்கு அனுப்பி, தொலைபேசியில் விசாரித்தும் வந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு ஓராண்டு முடிவில் வலி குறைந்திருந்தது. எரிச்சலாக, மின்சாரம் பாய்வதுபோல வலித்தால் அது நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. தொற்றோ, மூட்டுத் தளர்வோ, முதுகுத் தண்டோ காரணமாக இருக்கலாம். சொன்னால்தான் கண்டுபிடிக்க முடியும்.

சில அறிகுறிகளுக்கு மூன்று மாதம் அல்ல, மூன்று மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல், தையலில் சீழ், நாளுக்கு நாள் கூடும் சிவப்பு, கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் வலியும் ஆகியவை கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள்.

தொழுகையும் நோன்பும்

மாற்றிய முழங்கால் சாதாரணமாக 110 முதல் 120 பாகை வரை மடங்கும். நாற்காலியில் அமர ஏறத்தாழ 90 பாகை போதும். அத்தஹிய்யாத்து இருப்புக்கு அதைவிட மிக அதிகமாக மடங்க வேண்டும். எனவே அறுவைக்கு முன்பே, "நான் தரையில் அமர்ந்து தொழுகிறவள்" என்று மருத்துவரிடம் சொல்லி, பிறகு எதுவரை முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாததை எதிர்பார்த்து ஏமாறுவதும் வலியோடு சேரும் ஒரு சுமைதான். இயலாதவருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நாற்காலித் தொழுகையின் முறையை நம் ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிடிவாதமாக ஸுஜூதுக்குப் போய், வலியால் முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரமலானை ஒட்டி அறுவைக்கு நாள் குறித்துவிட்டு, நோன்பும் விடாமல், பகல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மாத்திரை விட்டுப்போனால் வலி ஏறும், பயிற்சி நிற்கும். நாளை முன்பின் தள்ளி வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், நோயாளிக்கு உள்ள சலுகையைப் பயன்படுத்திப் பின்னர் களாச் செய்துகொள்ளலாம்.

செலவும் உதவியும்

மத்திய அரசின் விலைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்காலுக்கு உச்சவிலை விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று விதித்த விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாய். அதற்கு முன் அதன் சராசரி விலை ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஆகவே மருத்துவமனை ரசீதில் மூட்டின் விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முழங்கால் மாற்று அறுவைக்கு எந்த மருத்துவமனையில் வசதி என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். நமது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நேரிலும் விசாரிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் சேவையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

நமது அலுவலகத்தில் வாக்கரும் கழிப்பறை நாற்காலியும் இரவலாகத் தருகிறோம். தேவை முடிந்ததும் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தால் அடுத்த வீட்டுக்குப் பயன்படும். இன்னொரு வேண்டுகோள்: மருத்துவ உதவி கேட்டு மனு எழுதும்போது அறுவைக்கு ஆகும் தொகையை மட்டும் எழுதாதீர்கள். அதற்குப் பின் ஆறு வாரப் பயிற்சிக்கும் மருந்துக்கும் ஆகும் செலவையும் சேர்த்து எழுதுங்கள். விதைத்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல் விட்டால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும், அறுவை செய்துகொண்ட அம்மாவிடமோ அத்தாவிடமோ நன்னியிடமோ, "இப்போது வலி எப்படி இருக்கிறது?" என்று உட்கார்ந்து கேளுங்கள். "பரவாயில்லை" என்று பதில் வந்தால் இன்னொரு முறை கேளுங்கள்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.